வெண்பாவில் வைத்த சாவி

குருவைத் தேடி மலையேறியவர்கள் உண்டு, காடு புகுந்தவர்கள் உண்டு. குற்றாலலிங்கத்துக்குக் குரு கிடைத்தது கடைவாய்ப் பல்வலியால்.

அவர் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். ஊர் கோவில்பட்டி. அவர் மட்டும் 'கோயிற்பட்டி' என்று எழுதுவார். பழைய நூல்களில் 'கோயில்'தான் இருக்கிறது, அதன் பின்னே 'பட்டி' வந்து சேர்ந்தால் லகரம் றகரமாகத்தான் வேண்டும் என்பது அவர் கட்சி. இதனால் அவருக்கு வரும் பார்சல்கள் வேறு ஊர்களைப் பார்த்துவிட்டு வரும். அதற்கெல்லாம் அவர் கவலைப்பட்டதில்லை.

அவர் கவலை மனைவியின் தம்பி ஆவுடையப்பன். மின்வாரியத்தில் பொறியாளர், 'மின்தூறலன்' என்ற பெயரில் கவிதை எழுதுகிறவர். புனைபெயரிலேயே ஒரு புணர்ச்சிப் பிழை இருப்பதாகக் குற்றாலலிங்கம் மனைவியிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். பலமுறையும் அந்த அம்மாள் அடுப்பைப் பார்க்கப் போயிருக்கிறாள். இப்போது அந்தக் கவிதைகள் புத்தகமாகப் போகின்றன. அச்சுக்குப் போகுமுன் ஒரு தடவை கையில் கொடு, ஒற்றுப் பிழைகளையாவது நீக்கித் தருகிறேன் என்று இவர் கேட்டார். ஆவுடையப்பன் தரவில்லை. பேச்சு வளர்ந்து பந்தயத்தில் போய் நின்றது.

பந்தயம், ஆவுடையப்பன் கைப்பேசியில் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்த ஒரு விளையாட்டில். அதன் பெயர் 'திணைக்களம்'. இலங்கையிலிருந்து ஆடுகிறவர்கள் இந்தப் பெயரைக் கேட்டு முதலில் சிரித்தார்களாம்; அங்கே அந்தச் சொல்லுக்கு அரசாங்க இலாகா என்று பொருள். மற்றபடி அது ஓர் அட்டை விளையாட்டு. குறிஞ்சி முதல் பாலை வரை ஐந்து நிலத்து விலங்கும் பறவையும் அட்டைகளில் இருக்கும். அட்டைகளை வரிசையாக நிறுத்தி எதிரியின் வரிசையோடு மோதவிட வேண்டும். வாங்கிய அட்டை, வாங்கியவருக்கே சொந்தம்; விற்கலாம், இரவல் தரலாம், இன்னொருவர் பைக்கு மாற்றிவிடலாம்.

குற்றாலலிங்கம் வென்றால் கவிதைப் புத்தகம் முழுவதையும் திருத்தலாம். தோற்றால், வெளியீட்டு விழா மேடையில் முதல் கவிதையை அச்சில் உள்ளபடி, ஓர் ஒற்றைக்கூட இடையில் செருகாமல் உரக்கப் படிக்க வேண்டும். முதல் கவிதை இது:

உன் சிரிப்பு
என் மின்சார கம்பத்தில்
உட்காரும் காக்கா.

'மின்சார'வுக்கும் 'கம்பத்'துக்கும் நடுவே ஒரு 'க்' இல்லாத பள்ளத்தில் தான் மேடையிலேயே விழுந்து கிடப்பதாக அவர் கனவு கண்டார்.

அந்த விளையாட்டின் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தவர் பெயர் 'ஈறு'. அதைப் பார்த்ததும் குற்றாலலிங்கத்துக்கு மனம் குளிர்ந்தது. ஈறு என்றால் சொல்லின் கடைசி எழுத்து. இப்படியொரு பெயரை வைத்துக்கொள்கிறவர் இலக்கணம் கற்றவராகத்தான் இருக்க வேண்டும். என்றைக்காவது அவரைக் காண வேண்டும் என்று எண்ணிக்கொண்டார். அந்த வாரமே பல் வலித்தது. டாக்டர் செண்பகவல்லியின் நாற்காலியில் சாய்ந்து கிடந்தபோது, தட்டில் கிடந்த டாக்டரின் கைப்பேசி மினுங்கியது. 'ஈறு, உங்கள் முறை' என்றது.

செண்பகவல்லிக்கு வயது முப்பதுக்குள். பல் மருத்துவருக்கு ஈறு என்றால் என்ன என்பது குற்றாலலிங்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது. இருந்தாலும் மனம் தளராமல், வாயிலிருந்து கருவியை எடுத்ததும் முதல் காரியமாகத் தன்னைச் சீடனாக ஏற்றுக்கொள்ளச் சொன்னார்.

"மொதல்ல ஞானப்பல்லை எடுக்கணும். கோணலா முளைச்சிருக்கு" என்றார் செண்பகவல்லி.

பல் இருக்கட்டும், பந்தயம் முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் வாய்தா வாங்கினார்.

பாடம், நோயாளிகள் வராத பிற்பகல்களில் நடந்தது. செண்பகவல்லி அதிகம் பேச மாட்டார். ஆடத் தொடங்குகிறவர் விலை உயர்ந்த அட்டையின் பக்கமே போகக் கூடாது, இரவல் வாங்கி ஆடிப் பார்க்க வேண்டும் என்றார். நிறுத்தும் அட்டைகள் மொத்தம் இவ்வளவு எடைக்கு மேல் போகக் கூடாது என்று ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எடைக் கணக்கு உண்டு, அதைப் படித்த பிறகுதான் அட்டையைத் தொட வேண்டும் என்றார். தொடக்கத்துக்குத் தன் அட்டைகளில் ஒன்றை அவருக்கே கொடுத்தும்விட்டார். அது ஓர் இருவாச்சி. எடை குறைந்த, பெருமை குறைந்த பறவை.

சில நாள் ஆடிப் பார்த்துவிட்டுக் குற்றாலலிங்கம் கேட்டார்: "அம்மா, எல்லாவற்றிலும் வலிய அட்டை எது?"

செண்பகவல்லி மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கடலைமிட்டாயை எடுத்து நீட்டினார். பல் மருத்துவர் கையால் கடலைமிட்டாய் பெறுவது, கடலைமிட்டாய்க்குப் பேர்போன அந்த ஊரில்கூட அரிய காட்சி.

"முன்பல்லால மட்டும் மென்னு தின்னுங்க."

அவர் முயன்றார். மிட்டாய் நழுவியது. பாகு உதட்டில் ஒட்டியது. ஒரு கடலை சட்டைப் பைக்குள் போய் விழுந்தது.

"வலிக்காத பக்கமாக் கடைவாயில போடுங்க."

நொறுங்கியது.

"எந்தப் பல் வலியது?"

அவர் மென்று முடித்தார். அன்று மாலை தம் அட்டை வரிசையைப் பார்த்தபோதுதான், மயில், மான், மந்தி, மருதநிலத்து எருமை என்று மோனை பார்த்து நிறுத்தியிருந்தது தெரிந்தது. முன்னால் நிற்கும் அட்டைதான் எல்லா அடியையும் வாங்கும். மயில் நாள்தோறும் செத்துக்கொண்டிருந்ததன் காரணம் மோனைதான்.

இன்னொரு நாள் பாதுகாப்பைப் பற்றிய பாடம். யாரிடம் எந்த அட்டை இருக்கிறது என்ற கணக்கு ஓர் ஆபீசில் இல்லை. பிளாக்செயின் என்ற ஏற்பாட்டில், உலகமெங்கும் எண்ணற்ற கணினிகளில் அதே கணக்கின் படிகள் இருக்கின்றன. ஒருவராலும் அழிக்க முடியாது, திருத்தவும் முடியாது என்றார் செண்பகவல்லி. 'திருத்த முடியாது' என்ற இடத்தில் குற்றாலலிங்கத்துக்கு இலேசாகத் தலை சுற்றியது. அட்டைகள் இருக்கும் பையைத் திறக்க ஒரே வழி, பை தொடங்கியபோது அது தந்த பன்னிரண்டு சொற்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பன்னிரண்டு தமிழ்ச் சொற்கள். அவை தெரிந்தவர் எவரோ, பை அவருடையது. மறந்துபோனால் மனுக் கொடுக்க ஆள் கிடையாது.

"அந்தப் பன்னெண்டுதான் சாவி" என்றார்.

"சாவி போர்ச்சுகீசியச் சொல், அம்மா. திறவுகோல் எனலாம்."

"எந்த ஊர்ச் சொல்லா இருந்தா என்னய்யா. தொலைச்சா தெறக்காது. போன்ல படம் புடிச்சு வைக்காதீங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க, எங்கிட்டயும்தான்."

"எப்படி வைத்துக்கொள்வது?"

"குடுத்தபடியே வைங்க."

குற்றாலலிங்கம் வீட்டுக்குப் போய் அந்தச் சொற்களைப் பார்த்தார். தாளை அவர் நம்புகிறவர் அல்லர். அந்த வீட்டில் தாள்கள் வடைக்கு எண்ணெய் ஒற்றப் போய்விடும். மனப்பாடந்தான் வழி. ஆனால் அந்தச் சொற்கள் அகதி முகாமில் வரிசை நிற்பதுபோல் நின்றன. எதுகை இல்லை, தளை இல்லை. அப்படியே நாக்கில் ஏற்றினால் நாக்குக்கு அவமானம். இரண்டு சொற்களை இடம் மாற்றினார்; எதுகை கிடைத்தது. குட்டைச் சொற்கள் இரண்டை முன்பின்னாக்கி ஒரே சீருக்குள் தள்ளினார். நடுவிலிருந்து ஒன்றை உருவிக் கடைசியில் வைத்தார்; ஈற்றுச்சீர் இலக்கணப்படி முடிந்தது. தமிழில் சொல் எங்கே நின்றாலும் பொருள் கெடாது என்பது அவருடைய நாற்பதாண்டு அனுபவம். பொழுது சாய்வதற்குள் மூன்றடியில், பதினொரு சீரில், பழுதில்லாத ஒரு வெண்பா பிறந்துவிட்டது.

வாழ்க்கையில் அவர் எழுதிய வெண்பாக்களில் அதுதான் சிறந்தது. அதை இங்கே தர இயலாது. தந்தால் பை திறந்துவிடும்.

பந்தய நாள் வந்தது. ஆட்டம் மாலை ஆறு மணிக்கு. பிற்பகல் குளியலறையில் வெண்பாவை முணுமுணுத்துக்கொண்டே குனிந்தபோது, சட்டைப் பையிலிருந்த கைப்பேசி வாளிக்குள் குதித்து மூழ்கியது. மனைவி தன் கைப்பேசியைக் கொடுத்தாள். அதில் விளையாட்டை ஏற்றி, பன்னிரண்டு சொற்களையும் பாட்டின் வரிசையிலேயே அடித்தார்.

'சொற்கள் பொருந்தவில்லை' என்றது திரை.

அவர் வெண்பாவைச் சரிபார்த்தார். ஒரு தளை தட்டவில்லை. மீண்டும் அடித்தார். பொருந்தவில்லை. அதற்குள் ஆவுடையப்பன் அழைத்தார். மேடைக்கு ஒலிபெருக்கி சொல்லியாகிவிட்டது, அத்தான் கவிதையை ஒருதடவை வீட்டில் சத்தமாகப் படித்துப் பழகிக்கொண்டால் நல்லது, 'காக்கா' வரும் இடத்தில் தொண்டை கட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அன்போடு சொன்னார்.

குற்றாலலிங்கம் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார்.

செண்பகவல்லி கை கழுவிக்கொண்டே விவரம் கேட்டார்.

"அந்தப் பன்னெண்டையும் எதுல வச்சீங்க?"

"பாட்டில்."

"எந்த பாட்டில்? தண்ணி பாட்டிலா?"

"பாட்டு, அம்மா. ஏழாம் வேற்றுமை. வெண்பாவில் வைத்தேன்."

செண்பகவல்லி குழாயை மூடினார். அவர் தோள்கள் மட்டும் குலுங்கின. பிறகு திரும்பியபோது முகம் மருத்துவர் முகமாகிவிட்டிருந்தது.

தாம் பாட்டைச் சொல்லிவிடுவதாகவும் குருவே பார்த்துச் சரிசெய்ய வேண்டும் என்றும் குற்றாலலிங்கம் வாயைத் திறந்தார். செண்பகவல்லி கையை நீட்டித் தடுத்தார்.

"சொன்னீங்கன்னா பை நம்ம ரெண்டு பேருக்கும் ஆயிரும். நாற்காலியில சாயுங்க."

அவர் சாய்ந்தார். விளக்கு முகத்தில் விழுந்தது.

"இங்க வர்றவங்க யாரும் எந்தப் பல்லுன்னு சரியாச் சொல்ல மாட்டாங்க. எங்க வலிக்குதுன்னு சொல்வாங்க. அந்தச் சொல்லெல்லாம் முதமுதல்ல வந்தப்ப எங்கெங்க வலிச்சுது உங்களுக்கு?"

குற்றாலலிங்கம் கண்ணை மூடினார். சரியாக இருந்தவை எதுவும் நினைவில் இல்லை. ஆனால் கண்ணில் பட்ட பிழையை அவர் ஆயுளில் மறந்ததில்லை. தம் கல்யாணப் பத்திரிகையில் எந்த வரியில் 'சுற்றமும்' என்பது 'சுற்றுமும்' என்று அச்சானது என்பதை இன்றைக்கும் சொல்வார். இப்போது அந்த வலிகள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசியில் ஈறு கெட்டு நின்ற ஒரு நெடுஞ்சொல். எதுகைக்கு உதவாமல் இரண்டாம் அடியின் தலையில் உட்கார்ந்திருந்த ஒன்று. அடித்துக்கொண்டு நின்ற இரண்டு குட்டைச் சொற்கள். ஒவ்வொன்றையும் அது முன்பு நின்ற இடத்திலேயே திரும்பக் கொண்டுபோய் விட்டார். மூன்றடி வெண்பா கண்ணெதிரே மூக்கும் முழியும் கலைந்து, சந்தைக் கூட்டமாயிற்று. அவர் நெற்றி வியர்த்தது.

எழுந்து அடித்தார். பொருந்தவில்லை.

"எல்லாத்தையும் எடுத்துட்டீங்களா?"

"என் திருத்தம் ஒன்றுகூட இப்போது இல்லை."

"திருத்துறோம்னு தெரிஞ்சு திருத்தினது போயிருச்சு" என்றார் செண்பகவல்லி. "தெரியாமத் திருத்தினது?"

அப்படி ஒன்று இருக்க முடியாது என்று சொல்ல நிமிர்ந்தார் குற்றாலலிங்கம். எதிரே வாசல் கண்ணாடிக் கதவு. அதில் ஒட்டியிருந்த பெயரும் முகவரியும் உள்ளேயிருந்து பார்க்க இடவலம் மாறித் தெரிந்தன. கடைசி வரியை அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். இந்த ஊருக்கு வந்த நாள் முதல் அவர் படிக்கும்போதே திருத்திப் படித்துவந்த சொல் அது. திரும்பி நின்றதால் இன்றைக்குத் திருத்த வரவில்லை.

கோவில்பட்டி.

பன்னிரண்டு சொற்களில் ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவிடலாம். ஒன்றை வைத்து யாரும் எதையும் திறக்க முடியாது. பை அவருக்குக் கொடுத்திருந்த சொல் 'கோவில்'. அவர் நெஞ்சில் எழுதிக்கொண்ட சொல் 'கோயில்'.

அவர் 'யி'யை அழித்தார். விரல் சற்றுத் தயங்கியது. 'வி' என்று அடித்தார்.

பை திறந்தது. இருவாச்சி கிளையில் உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா, அம்மா?"

"சொன்னேனே. குடுத்தபடியே வைங்கன்னு."

"கொடுத்தபடி என்றால் நான்..."

"ஏ-ன்னு ஒண்ணு இருந்துச்சேய்யா, கடைசியில."

ஏகாரத்தின் வகைகளை அவர் ஆயிரம் பிள்ளைகளுக்கு உதாரணத்தோடு நடத்தியிருக்கிறார். தேற்ற ஏகாரத்துக்கு இனி அவருக்கு வேறு உதாரணம் தேவைப்படாது.

ஆறு அடித்தது. காத்திருப்போர் பெஞ்சில், கன்னம் வீங்கிய ஒருவருக்கும் கன்னம் வீங்காத அவர் மனைவிக்கும் நடுவே உட்கார்ந்து குற்றாலலிங்கம் ஆடினார். எடைக் கணக்கை முதலில் படித்தார். குறைந்த எடை. ஆவுடையப்பனின் பழைய ஆட்டங்கள் எல்லாம் யாரும் பார்க்கும்படி அந்த அழியாத கணக்கில் கிடந்தன, பார்த்தார். ஆவுடையப்பன் எந்த எடையிலும் பாலை நிலத்து யானையை முன்னால் நிறுத்துகிறவர். யானைக்கே எடையெல்லாம் போய்விடும்; அதன் பின்னால் நிற்பவை சோனிகள்.

அவர் நண்டை முன்னால் வைத்தார். ஓடு கெட்டி. அதன் பின்னே நத்தை. அதன் பின்னே மந்தி. எல்லாவற்றுக்கும் கடைசியில், யானையின் தலைக்கு மேலே பறந்துபோய் அடிக்கக்கூடிய இருவாச்சி. நண்டு, நத்தை, மந்தி, இருவாச்சி. மோனை பாதியில் செத்துக் கிடந்தது. காதுக்கு ஆகாத வரிசை. அவர் அதை மாற்றவில்லை.

யானை நண்டை இடித்தது; ஓடு தாங்கியது. மறுபடி இடித்தது. இருவாச்சி யானையைத் தாண்டிப் போய்ச் சோனிகளை ஒவ்வொன்றாகக் கொத்திவிட்டு வந்தது. கடைசியில் யானை தனியாக நின்றது. நான்கும் சேர்ந்து அதைச் சாய்த்தபோது, கன்னம் வீங்கியவர் தம் வலியை மறந்து 'அடி சக்க' என்றார். பிறகு கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

ஆவுடையப்பன் வாக்குத் தவறாதவர். மறுநாளே கவிதைக் கட்டு வந்து சேர்ந்தது. மேலே ஒரு சீட்டு: 'அத்தான், உசுரை விட்டுட்டுத் திருத்துங்க.' அதற்கு 'உசுரை மட்டும் விட்டுவிட்டு' என்று பொருளா, 'உயிரைக் கொடுத்து' என்று பொருளா என்பது தெளிவாக இல்லை. குற்றாலலிங்கம் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். மின்சாரத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே ஒரு 'க்' வைத்தார், நெஞ்சு நிறைந்தது. அடுத்த வரியில் 'காக்கா'வைக் 'காக்கை' ஆக்கினார். படித்துப் பார்த்தார். கம்பத்தில் எதுவும் உட்காரவில்லை. திரும்பவும் 'காக்கா' ஆக்கினார். அது வந்து உட்கார்ந்தது.

புத்தகம் வெளியான அடுத்த வாரம் அவர் ஞானப்பல்லை எடுத்துக்கொள்ளப் போனார். ஊசி போட்டு, மரத்துப்போகக் காத்திருந்த நேரத்தில், மனத்தில் இருந்ததைக் குருவிடம் கொட்டினார். விழா நன்றாக நடந்தது. காக்காக் கவிதைக்குக் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அவர் வருத்தம் அதுவல்ல. வாழ்நாளில் ஒரு குறையும் சொல்ல முடியாத ஒரே ஒரு வெண்பாவைத் தாம் எழுதியிருக்கிறார். அதை மனைவியிடம் சொல்ல முடியாது, ஆவுடையப்பனிடம் சொல்ல முடியாது, குளியலறையில்கூட வாய்விட்டுச் சொல்ல முடியாது. பன்னிரண்டு சொற்களும் அதில் இருக்கின்றன. இப்படியொரு பாட்டை வைத்துக்கொண்டு மனிதன் எத்தனை நாள் சும்மா இருப்பான்.

"ஒரே ஒருமுறை" என்றார். நாக்கு தடித்துக்கொண்டு வந்தது. "உங்களிடம் மட்டும்."

"வாயைத் தெறங்க."

அவர் ஆவலோடு திறந்தார்.

"இன்னும் அகலமா."

திறந்தார். செண்பகவல்லி இரண்டு கன்னத்துக்குள்ளும் பஞ்சை வைத்து அழுத்தினார். பல் பிடுங்கும் குறட்டைக் கையில் எடுத்தார். ஒரு முறுக்கு, ஓர் இழுப்பு. கோணல் பல் தட்டில் விழுந்து டிங் என்றது. பள்ளத்திலும் பஞ்சு வைத்து, கடித்துக்கொள்ளச் சொன்னார். கையுறையைக் கழற்றினார். அப்புறந்தான் பதில் சொன்னார்.

"பையைக் காலி பண்ணுங்க. பாட்டு உங்களுது ஆயிரும்."

குற்றாலலிங்கம் அவரையே பார்த்தார். 'காலி' அரபுச் சொல் என்பது நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. வாய் நிறையப் பஞ்சு இருந்தது.